ஒரு இரவுக்கு ஒரு வரி: ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ சொல்லாமல் விட்டது

2014இல் டிஸ்னி வெளியிட்ட ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படத்தை நம்மில் பலர் ஏ.ஆர். ரகுமானின் இசைக்காகத்தான் பார்த்திருப்போம். நானும் அப்படித்தான் பார்க்க உட்கார்ந்தேன். கிரேக் கில்லெஸ்பி இயக்கிய படம். சலிப்பில்லாமல் போகிறது. ஆனால் முடிந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. சரி, இந்தப் பையன்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

கதை நிஜத்தில் நடந்தது. ஜே.பி. பெர்ன்ஸ்டைன் அமெரிக்காவில் விளையாட்டு முகவர். தொழில் படுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை கோடி பேர் கிரிக்கெட் பந்து போடும் இந்தியாவில் பேஸ்பால் எறிய ஒருத்தன்கூடவா கிடைக்கமாட்டான் என்று யோசித்து அங்கே போய் ஒரு போட்டி வைக்கிறார். 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்ததாகச் சொல்கிறார்கள். அதில் தேறியவர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். இரண்டு பேரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளைகள், ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பாலை அதற்கு முன் கையில் தொட்டதில்லை. அமெரிக்காவில் சில மாதப் பயிற்சி. 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்கிறது. அத்தோடு படம் முடிந்துவிடுகிறது. கடைசியில் நிஜ ரிங்குவும் நிஜ தினேஷும் தெரியும் துண்டுக் காட்சிகள், பாட்டு, பெயர்ப் பட்டியல்.

பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பெரிய லீக்கில் ஆடிவிட்டதாக அர்த்தமில்லை. பைரேட்ஸ் என்பது ஒரு பெரிய குழுமத்தின் தலைமையகம் மாதிரி. அதற்குக் கீழே மைனர் லீக் என்று படிப்படியாக அணிகள் இருக்கின்றன. ரூக்கி, சிங்கிள் ஏ (அதற்குள்ளேயே மேல் கீழ் உண்டு), டபுள் ஏ, டிரிபிள் ஏ. இத்தனையும் தாண்டினால்தான் மேஜர் லீக். இந்தப் பையன்களை அங்கே ‘ப்ராஸ்பெக்ட்’ என்பார்கள். மண்ணைத் தோண்டித் தங்கம் தேடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தோண்டின இடத்திலெல்லாம் தங்கம் வராது. பெரும்பாலானவர்கள் பாதிப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இந்தப் படிகளில் தினம் ஆட்டம் நடக்கிறது. இப்போதைய ஏற்பாட்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, திங்கட்கிழமை மட்டும் ஓய்வு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ‘பாக்ஸ் ஸ்கோர்’ என்று ஓர் அட்டவணை வெளியாகும். பந்தெறிபவனுக்கு அதில் ஒரே ஒரு வரிதான்: பெயர், எத்தனை இன்னிங்ஸ் எறிந்தான், எத்தனை ஹிட் கொடுத்தான், எத்தனை ரன், குறி தவறி எத்தனை பேரை ‘வாக்’ விட்டான், எத்தனை பேரை ‘ஸ்ட்ரைக் அவுட்’ ஆக்கினான். இவற்றோடு ஈ.ஆர்.ஏ. என்று ஓர் எண். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவன் எத்தனை ரன் கொடுக்கிறான் என்று அது சொல்லும். மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கெட்டிக்காரன். ஆறைத் தொட்டால் மூட்டையைக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் அந்த மாதங்களில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஏழு என்றால் இங்கே காலை ஏழு. நான் இரவு ஷிப்ட் முடிந்து உம்பாய்க்குத் திரும்பிப் பசியாறும் நேரத்தில் அங்கே முதல் பந்து எறிவார்கள். தூங்கி எழுந்தால் வரிகள் வந்திருக்கும். நான் தொழிற்சாலையில் எஞ்சினியர். இயந்திரம் ஒவ்வொரு மணிக்கும் எழுதும் பதிவைப் படித்துப் பிழை எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதனாலோ என்னவோ, முகம் தெரியாத பையன்களின் வரிகளைத் தினம் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு வரி ஒன்றும் சொல்லாது. நாற்பது வரிகளை வரிசையாகப் படித்தால் ஓர் ஆள் தெரிய ஆரம்பிப்பான். மூன்று இரவு தொடர்ந்து ‘வாக்’ கூடினால் தோளில் ஏதோ கோளாறு. இரண்டு வாரம் பெயரே வராவிட்டால் காயம், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

படம் விட்ட இடத்திலிருந்து ரிங்கு, தினேஷ் இருவரையும் அப்படித்தான் படித்துப் பார்த்தேன்.

2009 ஜூலை 4. ப்ளோரிடாவின் கல்ஃப் கோஸ்ட் லீக்கில் இருவரும் முதன்முதலாக ஆடுகிறார்கள். இருப்பதிலேயே அடிப்படி லீக் அது. நண்பகல் வெயிலில் ஆட்டம், கூட்டமும் கிடையாது. ஜூலை 13இல் ரிங்குவின் பெயரில் முதல் வெற்றி பதிவாகிறது. அந்தப் பருவ முடிவில் ரிங்குவின் கணக்கு 11 ஆட்டம், ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.84. தினேஷின் ஈ.ஆர்.ஏ. 1.42. அந்த வருஷக் கடைசியில் யாரிடம் கேட்டிருந்தாலும் தேறப்போவது தினேஷ் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மறு வருஷம் தினேஷின் எண் 8.59. 2010 டிசம்பரில் அணி அவரை விடுவித்தது. ஊருக்குத் திரும்பிவிட்டார். இரண்டு பருவமும் சேர்த்து அவர் எறிந்தது பதினான்கு இன்னிங்ஸுக்கும் குறைவு. இத்தனை குறைவாக எறிந்தவனின் சராசரி ஒரே ஒரு கெட்ட நாளில் தலைகீழாகிவிடும். 1.42ஐயும் முழுசாக நம்ப முடியாது, 8.59ஐயும் நம்ப முடியாது. அவர் நல்ல ஆட்டக்காரரா இல்லையா என்பது தெரிவதற்கு முன்பே கணக்கை மூடிவிட்டார்கள்.

ரிங்கு தங்கிவிட்டார். 2012இல் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் ‘பவர்’ என்ற சிங்கிள் ஏ அணிக்கு 39 ஆட்டம், 72 இன்னிங்ஸ், 65 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. சரியாக 3.00. நாலு வருஷத்துக்கு முன் பேஸ்பாலைத் தொடாத ஒருத்தர் செய்தது இது. எனக்கு மொத்தக் கதையின் உச்சமே இந்த வரிதான். ஆனால் இதைப் பற்றிப் படம் இல்லை. அதன் பிறகு காயம், அறுவைச் சிகிச்சை. மைனர் லீக் ஆட்டத்தில் அவர் மறுபடி எறியவில்லை. 2014 மே மாதம் படம் திரைக்கு வந்தபோது அவர் ஆட முடியாமல் இருந்தார். 2018இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்துக்குப் போய்ப் பிறகு வீர் மகான் என்ற பெயரில் மேடை ஏறினார். வளையத்துக்குள் இறங்கும் அந்த ஆஜானுபாகுவான ஆளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த 72 இன்னிங்ஸ் தெரிந்திருக்கும்?

படத்தின் மேல் என் புகார் இதுதான். அது பொய் சொல்லவில்லை. யாருடைய கதை என்று தேர்ந்தெடுத்ததில்தான் பிழை. ஜான் ஹாம் நடித்த முகவர்தான் நாயகன். பணத்தை மட்டும் பார்த்த மனுஷன் அன்பு என்றால் என்ன என்று கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொடுப்பதற்காக இரண்டு பையன்கள் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களின் பயம், தாய்வீட்டு ஏக்கம் எல்லாம் அவர் மனம் மாறுவதற்கான படிக்கட்டு. அவர் மாறினதும் படிக்கட்டு தேவையில்லை. கதை அங்கே நிற்பதற்குக் காரணம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஓர் ஆள் மட்டும் படத்தில் வேறு மாதிரி. ஆலன் ஆர்கின் நடித்த வயதான ஸ்கவுட். மனுஷன் இந்தியா வந்தும் போட்டி நடக்கும்போதெல்லாம் கண்ணை மூடித் தூங்குகிறார். சிரிப்புக்காக வைத்த காட்சி. ஆனால் பந்து கையுறையில் விழும் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடுகிறார். எறிகிறவன் யார், எந்த ஊர், எவ்வளவு ஏழை என்பதெல்லாம் அவருக்கு வேண்டியதில்லை. பந்து என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்கிறார். பாக்ஸ் ஸ்கோர் செய்வதும் அதைத்தான்.

பாக்ஸ் ஸ்கோர் நியாயமானது என்று இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். நிறுத்த முடியாததற்குக் காரணம், நமக்கு இந்த மாதிரிப் பதிவு புதிதில்லை.

என் பாட்டி மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தினம் எத்தனை பவுண்டு பால் என்று அவர் பேருக்கு நேராக எழுதப்பட்டது. காலையில் பெரட்டில் பேர், மத்தியானம் நிறுத்த எடை, மாசக் கடைசியில் கூட்டல். கிராணி எழுதிய செக்ரோலும் ஒருவகை பாக்ஸ் ஸ்கோர்தான். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு, தினமும் உண்டு. ஆனால் அந்த நோட்டு எழுதப்பட்டது பாட்டிக்காக இல்லை. தோட்டத்துக்காக. எவ்வளவு கறந்தது, இன்னும் எவ்வளவு கறக்கலாம் என்று பார்ப்பதற்காக.

மைனர் லீக்கும் அப்படித்தான். அந்த வரிகளை முதலில் படிப்பவர் அணி முதலாளியின் ஆள். சம்பளத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 2022 வரை கீழ்ப்படி சிங்கிள் ஏ ஆட்டக்காரனின் வருஷச் சம்பளம் சுமார் 11,000 டாலர். சங்கத்தில் சேர்ந்து, முதல் கூட்டு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் 2023இல் அது 26,200 ஆனது. 2021இல் மேஜர் லீக் இந்த அமைப்பையே சுருக்கி 160 அணிகளை 120 ஆக்கியது. வெட்டுப்பட்டதில் ரிங்கு ஆடிய சார்ல்ஸ்டன் அணியும் ஒன்று. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நம் ஆட்கள் கேட்ட அதே மொழியில்தான் அங்கேயும் அறிவிப்பு வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் காட்டிய படம் ஒன்று இருக்கிறது. ஆனா போடன், ரயன் ஃப்ளெக் இணைந்து இயக்கிய ‘சுகர்’ (2008). டொமினிக்கன் குடியரசுப் பையன் மிகேல் சாண்டோஸ் ஒரு மேஜர் லீக் அணியின் பயிற்சிக் கூடத்தில் வளர்கிறான். அங்கே ஆங்கில வகுப்பில் பையன்கள் ‘ஹோம் ரன்’, ‘ஃப்ளை பால்’ என்று வாத்தியார் பின்னால் கூட்டமாகச் சொல்கிறார்கள். அயோவாவுக்கு அனுப்பப்படுகிறான், சிங்கிள் ஏ. சாப்பாட்டுக் கடையில் அவனுக்குச் சொல்லத் தெரிந்தது ‘ஃப்ரெஞ்ச் டோஸ்ட்’ மட்டும், அதனால் எப்போதும் அதையே சாப்பிடுகிறான். முட்டை கேட்க வாய் வரவில்லை. பணிப்பெண் ஒருநாள் விதவிதமாக முட்டை சமைத்துத் தட்டில் வைத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லித் தருகிறாள். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ முழுக்கத் தேடியும் எனக்கு இப்படி ஒரு காட்சி கிடைக்கவில்லை.

மிகேலின் எண்களும் முதலில் நன்றாக இருந்து பிறகு சரிகின்றன. நண்பனை விடுவித்துவிடுகிறார்கள். ஒருநாள் அவனே பஸ் ஏறி நியூயார்க் போய்விடுகிறான். அங்கே ஒரு தச்சுப் பட்டறையில் அம்மாவுக்காக மேசை செய்கிறான். கடைசிக் காட்சியில் அவனைப் போலவே மைனர் லீக்கில் ஆடி வெளியே வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்துத் தன் பெயர், ஊர், எந்த அணியில் இருந்தான் என்று சொல்கிறார்கள். அதே ஒரு வரிதான், ஆனால் இந்த முறை அதைச் சொல்கிறவன் ஆட்டக்காரன். கிராணியும் முகவரும் அங்கே இல்லை.

இதை நம் பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். நம் விளையாட்டுக் கதை ‘ஓலா போலா’ (2016) மாதிரிதான் இருக்கிறது. ஒரு பெரிய ஆட்டம், கடைசி நிமிஷ வெற்றி, நாடே எழுந்து நிற்கிறது. ஆர். ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்று நினைவில் வைத்திருக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் படிகளில் பாதியில் நின்றவர்கள்? மீஃபா அணி 2017இல் பிரீமியர் லீக்குக்கு வந்து, பிறகு பி.ஜே. சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் ஆடி, 2022 பருவத்தோடு விலகியது. மலாக்கா யுனைடெட்டும் அடுத்த பருவத்துக்கு இல்லை. அந்த அணிகளின் இளையோர் பிரிவில் இடது பக்கம் தற்காப்பில் ஆடிய பையனுக்கு எங்கே வரி? காற்பந்தில் கோல் போட்டவனுக்கு மட்டும்தான் பெயர். தோட்டக் கிண்ணப் போட்டிகளில் அதுவும் கிடையாது. ஜாசின், மெர்லிமாவ் பக்கத் திடல்களில் ஆடியவர்களைப் பற்றி இப்போது நாம் சொல்வதெல்லாம் இரண்டே வாக்கியம்: ‘அவன் ஸ்டேட்டுக்கு ஆடியிருக்க வேண்டியவன்’, இல்லையென்றால் ‘குடிச்சே கெட்டான்’. நம் சிறுகதைகளிலும் இந்த இரண்டு ஆளைத்தான் அதிகம் பார்க்கிறேன். நடுவில் அவன் ஆடிய எழுபது இரவுகள் இல்லை. எண்ணில் இல்லை, எழுத்திலும் இல்லை.

தினேஷ் பட்டேலின் பதினான்குக்கும் குறைவான இன்னிங்ஸ் இன்றைக்கும் பதிவில் இருக்கிறது. தேடினால் கிடைக்கும். அதைச் சேர்த்து வைத்தவர்களின் நோக்கம் என்னவாகவும் இருக்கட்டும், உம்பாயில் உட்கார்ந்து நான் அதைப் படிக்க முடிகிறது. தோட்டத் திடலில் ஆடியவர்கள் இன்னும் நம் மத்தியில்தான் இருக்கிறார்கள். லோரி ஓட்டுகிறார்கள், பாதுகாவலர் வேலை பார்க்கிறார்கள், கோயில் திருவிழாவில் கயிறு பிடிக்கிறார்கள். பெயர், தோட்டம், திடலில் எந்த இடம், எத்தனை வருஷம், கடைசி ஆட்டம் எப்படிப் போனது. இவ்வளவும் அவர்கள் வாயால் கேட்டு யாராவது எழுதினால், வெற்றியும் சோகமும் இல்லாவிட்டாலும் நான் உட்கார்ந்து படிப்பேன்.