கண்ணாடியில் பனி, திரையில் அப்டேட்

ஊட்டிக்கு காரில் போகிறவர்கள் இரண்டு ரகம். பர்லியார் தாண்டியதும் ஜன்னலை இறக்கி முகத்தில் குளிர்காற்று வாங்குகிறவர்கள் ஒன்று. ஜன்னலை ஏற்றிவிட்டு ஸ்வெட்டர் தேடுகிறவர்கள் மற்றது. 2025 அக்டோபரில், நல்ல மழையில், இரண்டாவது ரக நண்பர் ஒருவரின் காரில் மலை ஏறினேன். கோவைக்காரர். கார் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கில் ஆரம்பித்து எதிர்க் கதவுவரை ஒரே கண்ணாடித் திரை. 'ஒரு பட்டன்கூட கிடையாதுங்க, பார்த்தீங்களா?' என்றார், பேரனுக்கு முதல் பல் முளைத்ததைச் சொல்கிற பெருமையோடு.

கல்லாறு வரை திரை பிரமாதமாக நடித்தது. மேப் காட்டியது. பழைய பாட்டுப் போட்டது. எந்த டயரில் எவ்வளவு காற்று என்று சொன்னது. காட்டேரி பக்கம் மூட்டம் இறங்கியது. மலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வெளியே குளிர், உள்ளே நாலு பேரின் மூச்சு. ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டுப் படிந்து, பத்து செகண்டில் உள்பக்கம் வேஷ்டி காயப்போட்ட மாதிரி ஆகிவிடும். வைப்பர் போட்டுப் பிரயோஜனமில்லை, அது வெளியேதான் துடைக்கும். வேண்டியது டீஃபாகர். ஏ.ஸி.யின் உலர்ந்த காற்றைக் கண்ணாடி மேல் அடிக்கிற சமாசாரம்.

நண்பர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினார். நாலு மாதப் பழக்கம். திரையின் கீழ் மூலையில் டீஃபாகர் இருக்கும் என்று விரலுக்குத் தெரியும். தொட்டார்.

'என்ன மாமா, ஊட்டி போய்ச் சேர்ந்தாச்சா?' என்றது கார்.

அவர் மைத்துனர். இரண்டு வாரத்துக்கு முன் ராத்திரி, கார் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு அப்டேட் வந்து இறங்கியிருக்கிறது. அதில் டீஃபாகரை உள்ளே ஏதோ மெனுவுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் அடிக்கடி பேசுகிறவர்களின் நம்பரை வைத்துவிட்டார்கள். இரண்டு வாரமும் கோவையில் வெயில். அதனால் தெரியவில்லை. இப்போது மைத்துனர் 'ஹலோ, ஹலோ' என்கிறார். நான் வாசிப்புக் கண்ணாடியைத் தேடுகிறேன். நண்பர் திரையைத் தடவுகிறார். பின்சீட்டிலிருந்து அவர் மனைவி மஞ்சள் துணியை நீட்டுகிறார். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு அரசுப் பேருந்தின் ஹாரன் கேட்டது. ஹாரன்தான் முதலில் வந்தது, பிறகு இரண்டு மஞ்சள் விளக்கு, பிறகு பஸ். நண்பர் காரை மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சொன்னதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

குன்னூரில் டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரரிடம் நண்பர் புலம்பினார். அவர் தன் வண்டியின் கதவைத் திறந்து காட்டினார். பதினைந்து வருஷத்து வண்டி. டாஷ்போர்டில் பெயின்ட் போன மூன்று திருகு. 'இதுல எது எதுன்னு எழுத்தே அழிஞ்சு போச்சுங்க சார். கைக்குத் தெரியுமுங்க' என்றார்.

இந்த வார விமர்சனம் அந்தத் திரையைப் பற்றித்தான்.

முதலில் நியாயமாக இருந்துவிடுவோம். அப்டேட் கெட்டதில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி சுமார் 22 லட்சம் கார்களைத் 'திரும்ப அழைத்தது'. பிரேக் எச்சரிக்கை விளக்கின் எழுத்து சட்டம் சொல்லும் அளவைவிடச் சின்னதாக இருந்தது காரணம். ஒரு காரும் ஷோரூமுக்குப் போகவில்லை. காற்றில் வந்த மென்பொருள் எழுத்தைப் பெரிசாக்கிவிட்டது. இதை யார் குறை சொல்வார்கள்?

குறை வேறு இடத்தில். அதே டெஸ்லா 2021 டிசம்பரில் 'வெர்ஷன் 11' என்று ஒரு புதுத் தோற்றத்தை அனுப்பியது. பண்டிகைப் பரிசாம். குளிர் நாடுகளில், உறைபனி மாதத்தில், கண்ணாடிப் பனி நீக்குவதும் சீட் சூடாக்குவதும் முன்பு ஒரு தொடலில் இருந்தவை, மெனுவுக்குள் போய்விட்டன. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். காட்டேரியில் நண்பருக்கு நடந்ததும் இதுவேதான், கம்பெனிதான் வேறு.

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அடுப்பில் எண்ணெய் காய்கிறது. அம்மா பார்ப்பது எண்ணெயை, கை போவது கடுகுக்கு. முப்பது வருஷமாகக் கடுகு அங்கேதான். ஒரு ராத்திரி யாரோ வந்து, 'அழகாக இருக்கும்' என்று கடுகு இருந்த கிண்ணத்தில் மிளகாய் வற்றலை வைத்துவிட்டு, கடுகை அலமாரிக்குள் மூன்றாவது டப்பாவில் போட்டுவிட்டுப் போனால் என்ன சொல்வீர்கள்? காலையில் பெட்டி மேல் ஒரு சீட்டு: 'உங்கள் சமையல் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது.'

பட்டனின் இடம் பாதி காரில் இருக்கிறது, பாதி ஓட்டுகிறவரின் கையில் இருக்கிறது. அந்தக் கைப்பழக்கத்தைக் கம்பெனி விற்கவில்லை; நண்பரே நாலு மாதம் ஓட்டிச் சம்பாதித்தது. ராத்திரியோடு ராத்திரியாக அதை எடுத்துக்கொள்ள எந்த ரசீதிலும் இடமில்லை. 'ஏற்கிறேன்' என்று ஒரு கட்டம் வந்திருக்கும், அவரும் அழுத்தியிருப்பார். 'பழைய மாதிரியே இருக்கட்டும்' என்ற கட்டத்தைத்தான் நான் தேடிப் பார்த்தேன். இல்லை.

எவ்வளவு நேரம் வீணாகிறது என்று ஸ்வீடனில் அளந்தே பார்த்துவிட்டார்கள். வீ பீலேகரே என்ற கார் பத்திரிகை 2022ல் பன்னிரண்டு கார்களை ஒரு விமானத்தளத்தில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டவிட்டு, நாலு சின்ன வேலைகள் கொடுத்தது. ரேடியோ ஸ்டேஷன் மாற்று, டீஃபாகர் போடு, இந்த மாதிரி. புதுக் கார்கள் பதினொன்று. பன்னிரண்டாவது, 2005ஆம் வருஷத்துப் பட்டன் வைத்த வால்வோ. கிழட்டு வால்வோவில் எல்லாம் முடிய 10 செகண்ட். அதற்குள் 306 மீட்டர் ஓடியிருந்தது. கடைசியாக வந்த எம்.ஜி. மார்வெல் ஆர் என்ற காரில் 44.6 செகண்ட், 1,372 மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் நெடுக ஒரு ஆள் பாதி சாலையையும் பாதி மெனுவையும் பார்த்துக்கொண்டு போகிறார். அதுவும் முன்கூட்டியே பழகிக்கொள்ள அவகாசம் கொடுத்த பிறகு!

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013ல் ஒரு வழிகாட்டுதல் போட்டது. ஓட்டுகிறவர் ஒரு தடவைக்கு இரண்டு செகண்டுக்கு மேல் சாலையிலிருந்து கண்ணை எடுக்கும்படி எந்தக் கருவியும் செய்யக்கூடாது. நேரான சாலைக்கு அது சரி. நம் மலைக்குக் கணக்குப் போடுங்கள். 30 கி.மீ. வேகத்தில் இரண்டு செகண்ட் என்றால் 17 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் 17 மீட்டருக்குள் சாலை திசை மாறிவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் இப்படி 36 வளைவு.

சட்டம் என்ன சொல்கிறது? 2019ல் திருத்திய நம் மோட்டார் வாகனச் சட்டப்படி கையில் செல்போன் வைத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல். ஆறு அங்குல போன் குற்றம். அதையே பதினைந்து அங்குலமாக்கி டாஷ்போர்டில் ஒட்டினால் 'டாப் மாடல்'. ஜெர்மனிக்காரர்கள் இந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மழையில் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப்போய் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதிய டெஸ்லாக்காரர் ஒருவருக்கு, 2020ல் கார்ல்ஸ்ரூ மேல்கோர்ட் 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாதம் ஓட்டத் தடையையும் உறுதி செய்தது. காரோடு வந்த திரையானாலும் அது மின்னணுக் கருவிதான் என்றது கோர்ட். பாவம், அவர் பாட்டு மாற்றவில்லை, வைப்பர்தான் போட்டார். வைப்பரைக் கொண்டுபோய் மெனுவில் வைத்தவருக்கு அபராதம் கிடையாது.

கடலிலும் இந்தக் கதை உண்டு. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே ஜான் மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலுடன் மோதி, பத்து மாலுமிகள் இறந்தார்கள். பயிற்சிக் குறைவு உட்படப் பல காரணம் சொன்னார்கள். தொடுதிரையில் வைத்த சுக்கானும் வேகக் கட்டுப்பாடும் அதில் ஒன்று. 2019ல் அமெரிக்கக் கடற்படை கையால் தள்ளும் பழைய லீவர்களுக்கே திரும்புவதாக அறிவித்தது.

பிறகு ஏன் காரில் மட்டும் திரை வளர்ந்துகொண்டே போகிறது? பார்க்க நவீனம், அது ஒன்று. முக்கியமானது காசு. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு அச்சு, ஒரு ஒயர், ஒரு சோதனை. திரை ஒன்று வைத்துவிட்டால் முப்பது பட்டன் மிச்சம். கார் ஷோரூமுக்கு வந்தபிறகும் வடிவமைப்பை முடிக்கலாம், முடிக்காமலே இருக்கலாம். அழகு என்ற பெயரில் நமக்கு விற்றது அவர்கள் மிச்சம் பிடித்ததை.

சிலர் திருந்தியிருக்கிறார்கள். மாஸ்டா 2019லேயே புது மாடலில் தொடுதிரையை எடுத்துவிட்டது. திரையைத் தொட எட்டும்போது இன்னொரு கை தன்னையறியாமல் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது என்று அவர்கள் ஆராய்ச்சி சொன்னது. வோக்ஸ்வேகனின் தலைமை வடிவமைப்பாளர் 2025ல், முக்கியமான ஐந்து வேலைகளுக்கு இனி நிஜப் பட்டன் உண்டு, அந்தத் தப்பை மறுபடி செய்யமாட்டோம் என்றார். ஐரோப்பாவில் மோதல் சோதனை நடத்தி நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026லிருந்து, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஆபத்து விளக்கு, அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் முழு நட்சத்திரம் கடினம் என்கிறது. பட்டியலில் டீஃபாகர் இல்லை. குழுவில் யாரும் காட்டேரியில் நனைந்ததில்லை போலிருக்கிறது.

மலைக்கென்று இன்னொரு கவலை. இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று போலீஸ் போர்டே வைத்திருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிச் செயலிழக்கும். பேட்டரி காரில் இரண்டாவது கியர் கிடையாது. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்துப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைச் சில கார்களில் ஸ்டியரிங் பின்னாலுள்ள லீவரில் மாற்றலாம். சிலவற்றில் அது திரைக்குள். இரண்டாவது கியர் மெனுவுக்குள் போய்விட்டது என்கிறேன்! (உபரியாக ஒன்று: ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி மின்சாரத்தை வாங்காது. மோட்டாரின் பிடி குறையும்.)

அதே மலையில் 1899லிருந்து குன்னூர் வரைக்கும், 1908லிருந்து ஊட்டி வரைக்கும் ஒரு ரயில் ஏறி இறங்குகிறது. பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், எஞ்சின் விசிலைக் கேட்டுக் கையால் பிரேக் போடுகிறார். அவர் கண் தண்டவாளத்தில் இருக்கும். கை தேடாது.

எல்லாரும் டாக்ஸிக்காரரின் பழைய வண்டிக்கு மாறுங்கள் என்று சொல்ல வரவில்லை. மலை ஏறுமுன் கல்லாறில் ஐந்து நிமிஷம் ஓரமாக நிறுத்தி, டீஃபாகர், வைப்பர், ஆபத்து விளக்கு மூன்றும் இன்றைக்கு எங்கே குடியிருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று இருந்த இடம் சாட்சியாகாது. கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கண்ணை மூடிக்கொண்டு இந்த மூன்றையும் போட்டுக் காட்டுங்கள். சேல்ஸ்மேன் சிரித்தால் சிரிக்கட்டும்.

மறுநாள் காலை ஊட்டி சேரிங் கிராஸ் அருகே கிளம்பத் தயாரானோம். திரையில் ஒரு செய்தி. புதிய பதிப்பு வந்திருக்கிறது, நிறுவ முப்பது நிமிஷம் ஆகும், பல மேம்பாடுகள். நண்பரின் விரல் பாதி தூரம் போய் நின்றது.

'டீஃபாகரைத் திருப்பிக் குடுத்திருப்பாங்களோ?' என்றார் என்னிடம்.

'முதல்ல மேட்டுப்பாளையம் போய்ச் சேருங்க' என்றார் பின்சீட்டிலிருந்து அவர் மனைவி. மஞ்சள் துணியைத் துவைத்து, காயவைத்து, மடியில் தயாராக வைத்திருந்தார்.