தாடை எலும்பும் கனிமக் கணக்கும்

தஞ்சாவூரை அடுத்த திருமலைசமுத்திரத்தில், சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்ப, உயிரிப்பொருள் மையத்தில், இழந்த திசுவை மீட்கும் பொருள்கள் பற்றிய ஆய்வு நடக்கிறது. இத்தகைய எலும்பு நிரப்பி எதுவும் மனிதர் வாய்க்குள் போகுமுன், வழக்கமாக எலி, முயல், நாய் ஆகியவற்றின் தாடையில் பள்ளம் தோண்டி நிரப்பிப் பார்க்கிறார்கள். பள்ளம் ஆறுகிறதா என்பதற்கு அவர்கள் பெரிதும் நம்பும் சான்று, அங்கே கூடும் கனிமத்தின் அளவு.

இந்த அளவீட்டின் பலம் பெரிது. சாதாரண எக்ஸ்ரேயில் 30 முதல் 50 விழுக்காடு கனிமம் மாறினால்தான் கண்ணுக்குத் தெரியும். எலும்பின் கனிமத்தை அளக்கும் டெக்ஸா, மைக்ரோ சி.டி. கருவிகள் அதைவிட நுட்பமானவை. அதே விலங்கை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே விலங்குகளைக் கொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை ஆதரிப்பேன்.

ஆனால் கருவிக்குத் தெரிவது கனிமம் மட்டுமே. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நிரப்பிகளில் பல ஹைட்ராக்ஸிஅப்படைட் எனும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. எலும்பின் கனிமமும் ஏறத்தாழ அதுவே. நிரப்பி கரையாமல் கிடந்தாலும் எண் உயர்ந்தே நிற்கும்; அது கரைந்து, புது எலும்பு மெல்ல உருவாகும்போது எண் குறையவும் செய்யும். தோல்வி வெற்றியாகவும், வெற்றி தோல்வியாகவும் பதிவாகும் அபாயம் இது. டெக்ஸாவில் இன்னொரு சிக்கல்: அது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்றே சொல்லும். ஆகவே தடித்த எலும்பு, செறிந்த எலும்பாகத் தோன்றும். பக்கத்துப் பல்லின் எனாமலில் சுமார் 96 விழுக்காடு கனிமம். அளக்கும் பகுதியின் எல்லைக்கோடு சற்று விலகினாலும் கணக்கு கெடும். எலியின் வெட்டுப்பல் கீழ்த்தாடைக்குள்ளேயே நீள ஓடுவதால் அங்கே இது தப்பாமல் வரும் தொல்லை.

எலும்பின் பலம் வேறு, கனிமம் வேறு. முதலில் உருவாகும் ஒழுங்கற்ற பின்னல் எலும்பிலும் விரைவில் கனிமம் ஏறிவிடும். மெல்லும் சுமையைத் தாங்கும் அடுக்கு எலும்பாக அது மாற இன்னும் காலம் பிடிக்கும்.

இந்த முடிவுகளைக் கால்நடைக்குப் பொருத்தும்போது தீவனத்தையும் மறக்கக் கூடாது. தஞ்சை டெல்டா எனும் இந்த நெல் நாட்டில், மாட்டுக்கு வைக்கோலே முதன்மைத் தீனி. அதில் பாஸ்பரஸ் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட்டோ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சத்துக் கணக்குப் பார்த்த தீவனத்தில் வளரும் கூண்டு முயல் குணமாகும் வேகத்தை, டெல்டா மாட்டின் தாடைக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

நிரப்பி வைத்த அன்றே ஒரு படம், எதுவும் வைக்காத பள்ளம் ஒன்று, இறுதியில் சில மாதிரிகளிலாவது திசுச் சீவல் சோதனை: இந்த மூன்றும் இல்லாத கனிம எண்ணை நம்ப முடியாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்குச் சோதனைக்கு நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். எத்தனை விலங்கு என்று கேட்கும் அந்தக் குழு, இந்த மூன்றும் திட்டத்தில் உண்டா என்றும் கேட்க வேண்டும்.