கோடிலிருந்து சிப்புக்கு: மாறலாமா?

‘சி தெரிந்தால் போதும்’ என்பது ஒரு கட்சி. ‘ஈசிஇ படிக்காதவருக்கு இது ஒத்துவராது’ என்பது எதிர்க்கட்சி. தேனாம்பேட்டையில் குடியிருந்துகொண்டு ஓஎம்ஆரில் ஜாவா எழுதும் ஒருவர், எம்பெடட் துறைக்கு மாறலாமா என்று விசாரித்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காதில் விழும். இரண்டும் அரைகுறை.

முதல் கட்சியைச் சோதிக்க அவர் வீட்டு அபார்ட்மென்ட் மோட்டாரே போதும். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தானாக நிறுத்த ஓர் ஆர்டுயினோ ஊனோ வைக்கிறார் என்று கொள்வோம். போர்டும் ரிலேயும் ரிச்சி தெருவில் கிடைத்துவிடும். புரோகிராம் சில பத்து வரிகள். மேசையில் பல்பை மாட்டிப் பார்த்தால் கச்சிதமாக ஓடும். மோட்டாரை மாட்டியதும், அதை அணைக்கும் நொடியில் போர்டு ரீசெட் ஆகலாம். பழக்க தோஷத்தில் அவர் கோடில் பிழை தேடுவார். கோடில் பிழை இருக்காது. மின்சாரம் துண்டிக்கப்படும்போது மோட்டார் சுருளில் எழும் உயர் மின்னழுத்தம் ரிலே முனையில் பொறி கிளப்பும்; அந்த இரைச்சல் ஒயர் வழியே சிப்பைத் தொடும். முனைகளுக்குக் குறுக்கே பொறியை அடக்கும் ஒரு ஸ்னப்பர், ரிலேவுக்குத் தனி சப்ளை, ஒயர்களைப் பிரித்து ஓட்டுவது என வைத்தியம் எல்லாம் கோடுக்கு வெளியே இருக்கிறது. டீபக்கர் இதைக் காட்டாது, ஆசிலோஸ்கோப் காட்டும்.

அதனால் எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டதா? இல்லை. அதே போர்டில் மில்லிசெகண்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்ட்டர் சுமார் 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். நேரத்தைக் கழித்து ஒப்பிடாமல் நேராக ஒப்பிட்டவரின் மோட்டார் அன்று தப்பாக நடந்துகொள்ளும். சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. போயிங் 787 விமானம் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், ஜெனரேட்டர்களின் கட்டுப்பாட்டு மென்பொருளில் இதே மாதிரி கவுன்ட்டர் நிரம்பி மொத்த ஏசி மின்சாரமும் போகலாம் என்று அமெரிக்க விமானத் துறை 2015இல் எச்சரித்தது. இதைப் பிடிக்க சால்டரிங் கைத்திறன் உதவாது. எல்லை மதிப்புகளைச் சோதிப்பது, அடுத்தவர் கோடை வாசிப்பது, தானியங்கி டெஸ்ட் எழுதுவது ஆகிய பழக்கங்கள் வேண்டும். சர்வர் பக்கம் உழைத்தவர்களிடம்தான் அவற்றை அதிகம் பார்க்கிறேன்.

அவர்கள் மறக்க வேண்டியதும் உண்டு. ஊனோவின் ராம் 2 கேபி. ஜாவாக்காரரின் தாராளம் அங்கே செல்லாது.

படிப்பு விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல். 1980இல் வந்த 8051 மைக்ரோகன்ட்ரோலரை வைத்தே பல கல்லூரிகளில் இன்னமும் பாடம் நடக்கிறது. ரெஜிஸ்டர் புரிய அது நல்லதுதான்; ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார்த் தொழிலுக்கு ஏஆர்எம், ஆர்டிஓஎஸ், கேன் பஸ் தெரிய வேண்டும். ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் 2018இலேயே லினக்ஸை ஓட்டிவிட்டது. வாய்ப்பு ஊருக்குள் இருக்கிறது, பாடத்திட்டம்தான் பின்தங்கி நிற்கிறது.

என் தீர்ப்பு: மாறலாம், பட்டம் தடையில்லை. ஆனால் வேலையை விடுவதற்கு முன் அந்த மோட்டார் கன்ட்ரோலரைக் கட்டி, 50 நாளாவது ஓடவிட வேண்டும். டேட்டாஷீட்டை உட்கார்ந்து வாசிக்கப் பொறுமை இல்லாதவரும், சம்பளம் ஒரு படி இறங்கினால் வீட்டுக் கடன் தவணை தவறிவிடும் என்ற நிலையில் இருப்பவரும் இப்போதைக்கு ஜாவாவிலேயே இருக்கட்டும்.