செவ்வாயில் சட்டத்தைக் காப்பது யார்?

2019 ஏப்ரல் 11 அன்று இஸ்ரேலின் பெரஷீட் விண்கலம் நிலவில் மோதி நொறுங்கியது. உலர்ந்து உறக்கநிலையில் இருந்த ஆயிரக்கணக்கான நீர்க்கரடிகள் என்னும் நுண்விலங்குகளும் அதற்குள் இருந்தன என்பது சில மாதங்கள் கழித்துத்தான் வெளியே வந்தது. இதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. நிலவு உயிரற்ற இடம் என்பதால் பெரிய நட்டமில்லை என்று விட்டுவிட்டார்கள். செவ்வாயை அப்படி விட முடியாது.

வேற்றுக்கோள்களை மாசுபடுத்தக் கூடாது என்கிறது 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். இந்த விதி இதுவரை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. செவ்வாய்க்குப் போன வைக்கிங் தரையிறங்கிகளை ஏவுவதற்கு முன் 110 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பல மணி நேரம் வேகவைத்தார்கள். வியாழனின் நிலவான யுரோப்பாவில் கிருமி விழுந்துவிடக் கூடாது என்று 2003-இல் கலிலியோ விண்கலத்தை வியாழனுக்குள்ளேயே விழச் செய்தார்கள். இதே போன்ற காரணத்துக்காக 2017-இல் காசினி விண்கலம் சனிக்குள் எரிந்துபோனது. விரல்விட்டு எண்ணக்கூடிய அரசு நிறுவனங்கள், காக்கவேண்டிய நற்பெயர், கையில் இருப்பதோ எந்திரம். இந்த மூன்றும் இருந்ததால்தான் கட்டுப்பாடு நிலைத்தது.

குடியேறிகள் போனால் மூன்றுமே மாறிவிடும். மனிதனை வேகவைத்துக் கிருமி நீக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் பனிக்கட்டி. குடிநீருக்கும் எரிபொருளுக்கும் குடியேறிகள் எங்கே தோண்டுவார்களோ, அங்கேதான் உயிரியலாளர்களும் உயிரைத் தேடுவார்கள். தாகத்தில் இருப்பவனிடம் 'தொடாதே' என்று சொல்லும் சட்டம் இது.

பூமியில் இருக்கும்வரை பிடி வலுவாகத்தான் இருக்கிறது. 2018 ஜனவரியில் ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனம், தன் நாட்டு அனுமதி மறுக்கப்பட்ட பிறகும், நான்கு குட்டிச் செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. மூலம் ஏவியது. அந்த ஆண்டே 9 லட்சம் டாலர் கட்டவேண்டி வந்தது. நிறுவனத்தின் அலுவலகமும் உரிமமும் பூமியில் இருந்ததால் வசூலிக்க முடிந்தது. ஆனால் செவ்வாய் சுதந்திரக் கோள், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்று 2020-இல் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் தன் வாடிக்கையாளர் நிபந்தனைகளிலேயே எழுதிவைத்தது. தனியார் செயலுக்கும் அவர்களின் நாடே பொறுப்பு என்னும் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவுக்கு இது நேர் எதிர்.

அண்டார்டிகாவை முன்மாதிரியாகக் காட்டுவோர் உண்டு. உண்மைதான், வெளியுயிர்கள் கூடாது என்று முடிவானதும் 1994-க்குள் பனிச்சறுக்கு நாய்களைக்கூட அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். ஆனால் அங்கே இருப்பவர் எல்லோரும் வீடு திரும்புகிறவர்கள். தங்கிவிடுகிறவர்கள் விஷயத்தில் என்ன நடக்கும் என்பதை அந்தமானில் பார்க்கலாம். பழங்குடிகளைக் காக்க 1956-லேயே விதிமுறை வந்தது. கடல் சூழ்ந்த வட சென்டினல் தீவை ரோந்துப் படகுகளால் பெருமளவு காக்க முடிகிறது. ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போடப்பட்ட அந்தமான் பெருஞ்சாலை கதை வேறு. அதை மூடச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது; அப்புறமும் வண்டிகள் ஓடின. சாலையை நம்பி வடக்கே ஊர்கள் வளர்ந்துவிட்டிருந்தன.

செவ்வாய்க் குடியிருப்பு மருந்துக்கும் உதிரிபாகத்துக்கும் நெடுங்காலம் பூமியையே நம்பியிருக்கும். சரக்கை நிறுத்தினால் பணிந்துவிடுவார்கள் என்ற யோசனை எளிதாகத் தோன்றும். அதை ஏற்க முடியாது. ஒருவர் தடை மீறித் தோண்டியதற்காக ஊர்க் குழந்தைகளின் மருந்தைத் தடுப்பது கொடுமை. அபராதம், குடியேறிகளை அனுப்பிய நிறுவனத்தின் மீதே விழவேண்டும். அதற்குரிய பெருந்தொகையை ஏவுவதற்கு முன்பே பிணையாக வாங்கி வைக்கலாம். முன்னறிவிப்போடு பிற நாட்டவர் நிலையங்களைப் பார்வையிட ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பிரிவு இடம் தருகிறது. அதை நம்பி, குடியிருப்பின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஆய்வாளர் ஒருவரை அங்கேயே தங்கவைக்கவேண்டும். நுண்ணுயிர் பிழைக்க வாய்ப்புள்ள 'சிறப்பு மண்டலங்களை' சர்வதேச விண்வெளி ஆய்வுக் குழுவான கோஸ்பார் ஏற்கெனவே வரையறுத்திருக்கிறது. முதல் குடியிருப்புக்கான உரிமம் அவற்றிலிருந்து வெகு தொலைவில் உள்ள பனிப்படிவுக்கு மட்டுமே தரப்படவேண்டும்.