சிலிக்கோன் பையும் செய்தித் தமிழும்

தமிழில் படித்த மருத்துவச் செய்தியைக் கொண்டே, மருத்துவரிடம் போவதா வேண்டாவா என்று முடிவு செய்யும் இல்லங்கள் கிராஞ்சியிலும் உண்டு, தேக்காவிலும் உண்டு. ஆதலின் இத்துறையில் சொற்பிழை வெறும் மொழிப்பிழையாக நின்றுவிடுவதில்லை.

மார்பகத்துள் வைக்கும் சிலிக்கோன் பையைச் ‘சிலிக்கான் பை’ என்றே பலர் எழுதுகின்றனர். சிலிக்கான் மணலில் உள்ள தனிமம். கணிப்பொறிச் சில்லுக்கு உரியது. சிலிக்கோனோ, அத்தனிமமும் உயிர்வளியும் மாறிமாறிக் கோத்த நெடுஞ்சங்கிலி. கூழாகவும் ரப்பராகவும் அமைவது. போகட்டும், இப்பிழையால் எவர் உடம்பும் கெடாது.

பொறுக்கலாகாத பிழை வேறொன்று. இப்பைகளுக்கும் ஓர் அரிய புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என 2011-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 2016-இல் உலகச் சுகாதார நிறுவனமும் அந்நோயை ஏற்றது. 2019 ஜூலையில் அல்லெர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்புடைய தன் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்நோயை ‘மார்பகப் புற்றுநோய்’ என எழுதிவிடுதல் எளிது. ஆனால் இஃது அதுவன்று. நிணநீர் மண்டலத்து வெள்ளணுக்களில் தோன்றும் புற்று இது; பையைச் சூழ்ந்த தழும்புறையிலும் அங்குக் கோக்கும் நீரிலும் காணப்படுவது. பை வைத்துப் பல ஆண்டுகள் கழிந்தபின் ஒருபக்கம் வீங்குவதே பெரும்பாலும் முதல் அறிகுறி. காலத்தே கண்டு, பையையும் உறையையும் முற்றும் அகற்றினால் பெரும்பாலோர் தேறுகின்றனர். கட்டி ஏதும் தட்டுப்படவில்லை என்று வீக்கத்தைப் பொருட்படுத்தாதிருக்கும் பெண்ணுக்கு, ‘மார்பகப் புற்றுநோய்’ என்னும் தவறான பெயர் எத்துணைத் தீங்கு செய்யும்!

களைப்பு, மூட்டுவலி, மறதி என முறையிடுவோர் பற்றிய செய்தியிலும் இத்தகைய அவசரமே. உடல் முழுதும் தாக்கும் நோய்களை இப்பைகள் விளைப்பதற்குச் சான்று இல்லை என்றும், பை கிழிதல், சுற்றுத்திசு இறுகுதல் முதலியனவே பெருந்தொல்லை என்றும் 1999-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் கழகம் உரைத்தது. ‘சான்று இல்லை’ என்பதைப் ‘பொய் என மெய்ப்பிக்கப்பட்டது’ என்று பெயர்ப்பது எவ்வாறு பொருந்தும்? அறுவைக்கு முன்னரே இவ்வறிகுறிகளையும், பை வாழ்நாள் முழுதும் நிலைப்பதன்று என்பதையும் பெண்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என 2021-இல் அமெரிக்க நிர்வாகம் விதித்தது.

சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் மருத்துவக் கருவிகளை நான்கு வகுப்பாகப் பகுக்கும். மார்பகப் பைகள் இடர் மிக்க ‘டி’ வகுப்பின. இதனை ‘ஆபத்தான பொருள்’ என்று ஒருவரும் ‘அரசு ஏற்ற பாதுகாப்பான பொருள்’ என்று மற்றொருவரும் எழுதக்கூடும். கடுமையாக ஆராய்ந்து பதிவு செய்தபின்னரே விற்கலாம் என்பதற்கு மேல் அவ்வகுப்புக்குப் பொருள் இல்லை.