பார்ப்பவர் யார்?

கதையில் சொல்பவர் யார், பார்ப்பவர் யார் என்னும் இரு வினாக்களும் வெவ்வேறானவை என 1972இல் விளக்கினார் பிரெஞ்சு எடுத்துரைப்பியல் அறிஞர் ஜெரார் ஜெனெத். முஸ்தஃபா அக்காதின் ‘அர்ரிஸாலா’ (1976) திரைப்படத்தை மதிப்பிட இப்பிரிவினை பெரிதும் உதவுகிறது. அதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. சில காட்சிகளில் கேமராவே அவர்களின் பார்வையாகிறது. எதிரில் நிற்போர் அதை நோக்கிப் பேசுகின்றனர். உருவத்தைத் தவிர்த்த பேணுதல் போற்றத்தக்கதே. ஆயினும், அக்கணத்தில் அவர்களின் இடத்தில் பார்வையாளன் அமர்த்தப்படுகிறானே! ஹதீஸ் மரபு இதற்கு நேர்மாறானது. அங்கே நபித்தோழர், தாம் கண்டதையும் கேட்டதையும் தம் இடத்தில் நின்றே அறிவிக்கிறார். ஹம்ஸா (ரலி), பிலால் (ரலி) ஆகியோரைப் பின்தொடரும் காட்சிகளில் படம் அம்மரபை நெருங்குகிறது. அங்குதான் அதன் கலையும் அதபும் ஒன்றுகின்றன.