பெரிய வீடும் எட்டடிக் காம்பராவும்: பெருந்தோட்டப் புனைகதை பற்றிய ஒரு நோக்கு

மலையகப் புனைகதை பற்றி இதுவரை எழுந்த விமர்சனங்களுட் பெரும்பாலானவை இரண்டு சொற்களைச் சுற்றியே சுழன்றுள்ளன. ஒன்று கூலி, மற்றையது குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் இலக்கியத்தை வேறெவ்வாறு அணுகுவது என்று கேட்பின், அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்விலக்கியத்தைத் தொடர்ச்சியாகப் படிக்கும் ஒருவருக்கு மூன்றாவதொரு பொருள் அதன் அடியிலே கிடப்பது புலனாகும். அது வீடு. மேட்டிலே துரையின் பங்களா, பள்ளத்திலே லயம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தை நமது எழுத்தாளர்கள் எவ்வளவுக்குக் கடந்தனர், எவ்விடத்தில் கடவாது நின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

இதனை ஆராய அயர்லாந்தைத் துணைக்கழைப்பது வலிந்து செய்யும் காரியமன்று. நோர்வூட்டுக்கு அண்மையில் நாம் காசல்ரீ என்று வழங்கும் இடத்தின் பெயரே அயர்லாந்து மண்ணிலிருந்து வந்ததுதான். அங்கும் நிலம் வெற்றியாளரால் பறிக்கப்பட்டுக் கைமாறியது. அங்கும் நிலவுடைமையாளர் ஒரு மதத்தினராகவும் குடியானவர் வேறொரு மதத்தினராகவும் இருந்தனர். உடைமையாளருட் பலர் இலண்டனில் வாழ்ந்துகொண்டு முகவர்களை வைத்தே குத்தகை வசூலித்தனர். அந்நிலங்களின் நடுவே எழுந்த மாளிகையைக் குடியானவர்கள் ‘பெரிய வீடு’ என்றே அழைத்தனர். அப்பெயரிலேயே ஒரு நாவல் மரபும் அந்நாட்டிலே தோன்றி வளர்ந்தது.

அம்மரபின் முதல் நூல் மரியா எட்ஜ்வேர்த் 1800இல் வெளியிட்ட ‘காசில் றாக்றென்ற்’. நூற்பெயரில் உள்ள குடும்பப் பெயரே குடியானவனைக் கசக்கிப் பிழியும் குத்தகையைக் குறிப்பதாகும். ஆசிரியை நிலவுடைமைக் குடும்பத்தில் வந்தவர். ஆனால் கதையைச் சொல்பவன் பிரபு அல்லன். அவ்வீட்டிலே நெடுங்காலம் ஊழியம் செய்த தாடி குவேர்க் என்னும் முதிய காரியக்காரன். நான்கு தலைமுறைப் பிரபுக்களின் குடியையும் கடனையும் வழக்குகளையும் அவன் புகழ்ந்துகொண்டே சொல்கிறான். எசமானர்களின் பெருமையை அவன் எடுத்துரைக்க எடுத்துரைக்க அவர்களின் சிறுமை நமக்குத் தெரிந்துகொண்டு போகிறது. அவன் சூதுள்ளவனா, அப்பாவியா என்பது இன்றும் விமர்சகர்களிடையே தீராத விவாதம். ஈற்றில் அச்சொத்து முழுவதும் தாடியின் மகனும் சட்டத்தரணியுமான ஜேசனின் கைக்கு வந்துவிடுகிறது. பெரிய வீட்டின் கதையை அவ்வீட்டின் பின்கட்டிலிருந்து சொல்ல வேண்டும் என்பதை அந்நூல் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. எட்ஜ்வேர்த்தின் ஏனைய கருத்துக்கள் எவ்வாறிருப்பினும் இந்தவொரு தெரிவுக்காகவே அவர் மதிக்கப்பட வேண்டியவர் என்பேன்.

பின்வந்தோர் அப்பின்கட்டை விட்டு முன்மண்டபத்திற்குச் சென்றனர். எலிசபெத் போவெனின் ‘த லாஸ்ற் செப்ரெம்பர்’ (1929) மாளிகையின் உள்ளிருந்தே எழுதப்பட்ட நாவல். விருந்தும் டென்னிஸ் ஆட்டமும் நடந்துகொண்டிருக்கையில் வெளியே சுதந்திரப் போர் நடக்கிறது. நாவலின் முடிவில் வீடு எரிகிறது. எரித்தவர்களின் முகம் நமக்குக் காட்டப்படவில்லை. மிக நுட்பமான நூல்தான். எனினும் குடியானவன் அதிலே ஒரு நிழல் மட்டுமே.

நிழலாக இருந்த அக்குடியானவனே வரலாற்றில் வென்றான் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1879இல் மைக்கல் டேவிற் முதலியோர் நிலக் கழகத்தை அமைத்தனர். அடுத்த ஆண்டு மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் முகவரான கப்டன் பொய்கொட்டுக்கு வேலை செய்யவோ, பொருள் விற்கவோ, அவருடன் பேசவோ எவரும் முன்வரவில்லை. நம் வளாகங்களில் ஆண்டுக்கொரு முறையேனும் ஒலிக்கும் பகிஷ்கரிப்பு என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்குவது அந்த மனிதரின் பெயர்தான் என்பதை விரிவுரைகளைப் பகிஷ்கரிக்கும் நண்பர்களிற் பலர் அறியார். 1881இன் நிலச்சட்டம் நியாயமான குத்தகை, நிலையான குடியிருப்பு, உரிமையை விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் குடியானவனுக்கு வழங்கியது. 1903இன் சட்டமோ அரசின் கடனுதவியுடன் அவன் நிலத்தையே வாங்கிக்கொள்ள வழிசெய்தது.

குடியிருப்பவனுக்கு உரிமை உண்டு என்னும் எண்ணம் எனக்குப் புதியதன்று. நான் வளர்ந்தது கொழும்புப் புதுக்கடையில். 1656இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்வ்றின் பெயரையே ஆங்கிலத்தில் இவ்விடம் இன்றும் தாங்கி நிற்கிறது. நீதிமன்றங்களும் சட்டத்தரணிகளின் பெயர்ப்பலகைகளும் நிறைந்த இடம். எங்கள் வீடு ஒரு பழைய பெரிய வீட்டைப் பலகையடித்துப் பிரித்த பகுதிகளுள் ஒன்று. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டின் வீட்டாதன உச்சவரம்புச் சட்டமும் இத்தகைய ஒழுங்கைகளில் படிப்பறியாத முதியவர்களின் வாயிலும் சரளமாகப் புழங்கக் கேட்டிருக்கிறேன். வாடகை கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு ஒரு மனிதனை எவ்வளவு நிமிர்ந்து நிற்கச் செய்யும் என்பதை இங்கே கண்ணாரக் காணலாம்.

லயத்திலே வாழ்பவனிடம் அந்தப் பற்றுச்சீட்டு இல்லை. இதுவே அயர்லாந்தின் குடியானவனுக்கும் நமது தோட்டத் தொழிலாளிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. அவன் குத்தகை கொடுத்தான்; கொடுத்ததனால் நிலத்தின்மீது ஓர் உரிமையைக் கோரினான். இவனோ வாடகை கொடாமலே குடியிருத்தப்பட்டான். காம்பரா கூலியின் ஒரு பகுதி. வேலை போனால் காம்பராவும் போகும் என்பதே நெடுங்கால வழக்கு. வாடகை இல்லாத இடத்தில் வாடகைச் சட்டத்திற்கு வேலையும் இல்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் கம்பனிகளின் நிலத்தை அரசுக்கு மாற்றின. காம்பராவைத் தொழிலாளிக்கு மாற்றவில்லை. இலவசமாகக் கிடைத்த வீடு என்று சொல்லப்பட்ட ஒன்றே அவனை உரிமையற்றவனாக்கியது என்னும் முரண்பாட்டை நமது வரலாற்று மாணவர்களிலும் பார்க்க முன்னதாகக் கண்டுகொண்டவர்கள் நமது எழுத்தாளர்கள்.

சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டமை தற்செயலானதன்று. ‘நாடற்றவர் கதை’ எழுதியவரும் அவரே. 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்று, மறு ஆண்டே தம் மக்கள் குடியுரிமை இழக்கக் கண்டவர். ஆயினும் தொழிற்சங்கம் அமைக்க முனையும் தொழிலாளியைப் பற்றி நாவல் எழுதுகையில் நாட்டையன்றி வீட்டையே தலைப்பில் வைத்தார். சங்கத்திற் சேர்ந்தவனுக்கு முதலிற் பறிபோவது கூரை என்பது அவர் நேரிற் கண்ட உண்மை. கலையழகு குறைந்த இடங்கள் அந்நாவலில் உண்டு. உரையாடல் சிலவேளை மேடைப்பேச்சாகிவிடுகிறது. ஆனால் அத்தலைப்பின் கூர்மையை அந்தக் குறைகள் மழுக்கவில்லை.

தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ இதனிலும் ஒருபடி உள்ளே செல்கிறது. வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு குடும்பத்தின் கூச்சமே அக்கதையின் மையம். இன்னொரு காம்பராவுக்காக அலைவதைத் தவிர அந்தத் தகப்பனுக்கு வேறு போராட்டம் இல்லை. சுரண்டல் என்ற சொல்லைக் கையாளாமலே சுரண்டலின் அந்தரங்கமான முகத்தை ஜோசப் காட்டிவிடுகிறார். சுவரின் அளவு ஒரு மனிதனின் மானத்தின் அளவாகிவிடுவதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதை தமிழில் வேறுண்டோ என்று நான் ஐயுறுகிறேன்.

லயத்தின் உட்புறம் இவ்வாறு எழுதப்பட்டுவிட்டது. பங்களாவின் உட்புறம்? 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தொடக்கம் பின்வந்த கதைகள் பலவற்றிலும் பங்களா மருதி போன்ற பெண்களின் அழிவுக்கான வாசலாகவோ, கைகட்டி நிற்கும் முற்றமாகவோ, தொலைவில் எரியும் விளக்காகவோ அமைகிறது. நான் படித்த அளவில், அவ்வீட்டின் அறைகளுள் நடமாடும் பாத்திரம் மிக அரிது. இது எழுத்தாளரின் குறையென்று முதலில் எண்ணினேன். பின்னர் அதுவே அனுபவ உண்மை என்று தோன்றியது. அனுமதியின்றி மேட்டுக்கு ஏறாதவன் மேட்டை எவ்வாறு எழுதுவான்?

ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு அத்தடை இருக்கவில்லை. றொபேட் ஸ்ரான்டிஷ் என்ற புனைபெயரில் 1948இல் வெளிவந்த ‘எலிபன்ற் வோக்’ நாவலும், எலிசபெத் டெயிலர் நடிக்க 1954இல் வெளிவந்த அதன் திரைப்படமும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய வீட்டின் கதைகளே. திரைப்படத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். யானைகள் நீரருந்தச் செல்லும் வழியை மறித்துத் துரையின் தந்தை மாளிகை கட்டியிருக்கிறார். இறந்துபோன அவருடைய ஆணைகளை அப்புஹாமி என்னும் வேலைக்காரன் இன்றும் காத்துவருகிறான். தொழிலாளர்கள் கொள்ளைநோயால் மாளும் கூட்டமாகவே தோன்றுகின்றனர். முடிவில் யானைகள் மதிலை உடைத்து உட்புகுகின்றன; மாளிகை தீக்கிரையாகிறது.

அயர்லாந்துப் போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கான பெரிய வீடுகளை எரித்தவர்கள் மனிதர்கள். இங்கோ யானைகள்! தம் நிலம் பறிபோயிற்று என்ற கோபம் யாருக்கேனும் இருக்கலாம் என்பதை அத்திரைப்படம் உணர்ந்தே இருக்கிறது. ஆனால் அக்கோபத்தை மனிதரிடம் கொடுக்க அது துணியவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் தம் சேனை நிலங்கள் அரச காணியாகக் கண்ட கண்டிக் கிராமத்தவரும், அந்நிலத்திற்கு உரமாகிப்போன நம்மவரும் அதிலே கோபமற்றவர்கள். இருவர்க்கும் உரிய கோபம் விலங்குக்கு மாற்றப்பட்டதனால் அது நியாயத்திலிருந்து இயற்கைச் சீற்றமாகிவிட்டது. படத்தின் காட்சிகளில் மயங்கி இதனை நாம் கவனியாது விடுகிறோம்.

இன்னொரு பிழையும் அதிலுண்டு. தந்தை கட்டிய வீட்டில் மகன் ஆளும் பரம்பரைக் கதையாக அது அமைந்திருக்கிறது. அயர்லாந்துக்கு அது பொருந்தும். தனியார் உடைமையாகிய சில தோட்டங்களுக்கும் பொருந்தலாம். கம்பனித் தோட்டங்களிலோ துரை சம்பளம் பெறும் ஓர் உத்தியோகத்தர். இன்று இங்கே, நாளை வேறிடத்தே. பங்களா ஒரு தங்குமடம். தாத்தா, தகப்பன், மகன், பேரன் என்று தலைமுறைகள் தொடர்ந்தது பள்ளத்திலிருந்த காம்பராவில்தான். எனவே, பெரிய வீட்டு நாவலின் அமைப்பை நாம் அப்படியே இரவல் பெற இயலாது. நமது பரம்பரை வீடு எட்டடி அகலமுள்ளது.

பங்களாவை எழுதப் புகுவது ஆளும் வர்க்கத்திற்கு அனுதாபம் தேடுவதாகும் என்று முற்போக்கு நண்பர்கள் கூறக்கூடும். இவ்வச்சத்தை நான் ஏற்கவில்லை. தாடி குவேர்க்கைப் போன்றவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. துரைமார் மாறிக்கொண்டிருக்க, பங்களாவில் மாறாமலிருந்த சமையல் அப்பு, ஆயா, தோட்டக்காரன் ஆகியோரே அவ்வீட்டின் உண்மையான குடியிருப்பாளர்கள். அவர்களை லயத்தார் ஐயத்தோடு நோக்கினர். துரைமாரோ தளபாடமாகக் கருதினர். ஜேசனுக்கும் இங்கே இணையுண்டு. கங்காணிகளாக இருந்து தோட்டங்களை வாங்கியவர்கள் உளர். தொண்டமானின் தந்தையார் கருப்பையா வெவண்டன் தோட்டத்தின் உடைமையாளரானமை பலரும் அறிந்த செய்தி. லயத்திலிருந்து மேட்டுக்கு ஏறிய அத்தகைய ஒரு குடும்பத்தின் உள்மனம் நல்ல நாவலொன்றுக்கு உரிய பொருள். அதை வெறும் துரோகக் கதையாக்கினால் நட்டம் நமக்கே.

காலமும் நெருக்குகிறது. ஹப்புத்தளையில் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் இங்கிலாந்து மாளிகைப் பாணியிற் கட்டிய அடிசம் இன்று துறவிகளின் மடம். பார்வையாளர்கள் வாசிகசாலையைப் பார்த்துவிட்டுப் பழப்பாகுப் போத்தலுடன் திரும்புகின்றனர். நானும் ஒன்று வாங்கினேன். மலைநாட்டுப் பங்களாக்கள் வேறு சில உல்லாச விடுதிகளாகிவிட்டன. அவற்றின் வரலாற்றை விடுதிகளின் விளம்பர ஏடுகள் எழுதுகின்றன. அவற்றிலே கணப்படுப்பும் தேநீர்க் கிண்ணமும் உண்டு, அவற்றைத் துடைத்தவர் இல்லை. மறுபுறத்தே லயங்கள் சில இடங்களில் இடிக்கப்பட்டு ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுகின்றன. அவை விரைந்து எழட்டும். எவரும் அழகுணர்ச்சிக்காக லயத்தைப் பேண வேண்டியதில்லை.

என் அம்மம்மா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயாவாக இருந்தவர். புதுக்கடை வீட்டின் முன்தாழ்வாரத்தை அவர் இன்றும் இஸ்தோப்பு என்றே சொல்வார். ஒல்லாந்தரின் சொல்லொன்று சிங்களத்தின் வழியே லயத்துக்கு ஏறி, அவரோடு மீண்டும் ஒல்லாந்தத் தளபதியின் பெயரிலுள்ள இடத்துக்கே இறங்கி வந்திருக்கிறது. இக்கட்டுரைக்காக அந்தப் பங்களாவைப் பற்றி அவரிடம் கேட்டேன். வரவேற்பறையில் என்ன படம் தொங்கியது என்று அவருக்கு நினைவில்லை. கண்ணாடிச் சட்டங்கள் நூற்றெட்டு என்றார். எந்தெந்தச் சட்டத்திற்கு ஏணி வேண்டும் என்பதையும் சொன்னார். மூன்று துரைசாணிமாருள் யார் இரவில் அழுதார், யார் எஞ்சிய பாணை எண்ணி வைத்தார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு துரைசாணியை அவர் ‘நல்ல மனுசி’ என்று மும்முறை சொன்னார். மூன்றாம் முறை சிரித்தார். ஏன் என்று கேட்டதற்கு, “அதையெல்லாம் எழுதாத, பிள்ளை” என்றார். அடுத்த விடுமுறையில் மீண்டும் கேட்பதாக இருக்கிறேன்.